ஆரோக்கியநாதரின் நாயை வரைந்தது யார்?

தேனி பேருந்து நிலையத்தில் ஜன்னலோர இடம் பிடித்து, கோம்பைக்கு ஒரு டிக்கெட் கேட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் மடியிலிருந்த முருங்கைக்காய்க் கட்டை ஒதுக்கிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“நாய் வாங்கவா போறீக?”

“இல்லைங்க, பார்க்கத்தான்.”

“பாக்குறதுக்கா? உங்க ஊர்ல நாயே இல்லையா?”

பெல்ஜியத்திலிருந்து வருகிறேன் என்று சொல்லியிருந்தால் முருங்கைக்காயாலேயே ஒரு போடு போட்டிருப்பார். சென்னை என்று மட்டும் சொன்னேன். அதுவும் பொய்யில்லை. பிறந்து வளர்ந்தது சென்னை. ஐந்து வருடமாகப் பெல்ஜியத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் கலை வரலாற்றில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஆய்வேட்டின் நான்காம் இயல் முழுவதும் ஒரு நாயின் முதுகில்தான் நிற்கிறது.

அந்த நாய் புனித ஆரோக்கியநாதருடையது. கொள்ளை நோய் கண்டவர்களுக்குப் பணிவிடை செய்து, அதே நோயில் தானும் விழுந்து காட்டில் தனியாகக் கிடந்தவர் அவர். ஒரு நாய் தினமும் ரொட்டி கவ்விக்கொண்டு வந்து அவரைப் பிழைக்க வைத்தது என்பது கதை. அதனால் ஓவியத்தில் அவர் எங்கே நின்றாலும் தொடையில் ஒரு புண்ணும் காலடியில் ஒரு நாயும் இருக்கும். பெல்ஜியத்துத் தேவாலயங்களில் அது காதில் மயிர் தொங்கும் சாதுவான பிராணி. கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு கத்தோலிக்க ஊரின் கோயிலில், மரப்பலகையில் தீட்டிய ஆரோக்கியநாதரின் நாயோ வேறு ரகம். செவலை உடம்பு, கறுத்த மூஞ்சி, மடிந்த காது, சுருண்ட வால். அச்சு அசல் கோம்பை நாய்.

அந்தப் படத்தின் புகைப்படத்தை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கட்டுரை எழுதினேன். நூறு வருடத்துக்கு மேல் பழைய ஓவியம், வரைந்தவர் உள்ளூர்க்காரர், நாயின் சிவப்பு மலையடிவாரத்துச் செங்காவி என்றெல்லாம் அதில் அடித்துச் சொல்லியிருந்தேன். நாயின் வாயில் ரொட்டிக்குப் பதிலாக வட்டமாக ஏதோ இருந்தது. அதை அப்பம் என்று தீர்மானித்து, பூசையில் கொடுக்கும் நற்கருணையின் குறியீடு என்று மூன்று பக்கம் இழுத்திருந்தேன். பெயர் தெரியாத பழைய ஓவியர்களுக்கு ஆய்வாளர்கள் நாங்களே பெயர் சூட்டிவிடுவது வழக்கம். நாய் வரைந்த ஆசான் என்பதால் நான் இவருக்குக் ‘கம்பம் நாயாசான்’ என்று வைத்தேன். ஓர் ஆய்விதழ் அதை அப்படியே வெளியிட்டும் விட்டது.

என் பேராசிரியை ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“படத்தை நேரில் பார்த்தாயா?”

“இல்லை.”

“பார்த்துவிட்டு வா. அதுவரை நான்காம் இயலில் கையெழுத்துப் போட மாட்டேன்.”

அதுதான் இந்தப் பயணம். அந்த ஊரின் பெயரை எழுதவில்லை. ஏன் என்று போகப் போகப் புரியும்.

முதல் நாள் கோம்பையில் நாய் வளர்க்கும் பெருமாள் என்பவரின் தோட்டத்துக்குப் போனேன். நிஜ நாயின் காதையும் மூஞ்சியையும் அளந்து வைத்துக்கொண்டால் ஓவியத்தோடு ஒப்பிடலாம் என்பது என் யோசனை. புல்லட் என்கிற நாயைச் சங்கிலியோடு கூட்டி வந்தார். நான் அளவு நாடாவை எடுத்ததும் புல்லட் அதைப் பிடுங்கி ஓரமாக வைத்தது. கேமராவை எடுத்தேன். லென்ஸ் மூடியைக் கவ்விக்கொண்டு கொய்யா மரத்தடிக்குப் போய்விட்டது. போனது போனதுதான்.

“அது ரொம்ப நல்ல நாய். உங்களப் பிடிச்சுப்போச்சு. பிடிக்கலைன்னா கைய எடுத்திருக்கும்” என்றார் பெருமாள்.

பெல்ஜியத்தில் நாய்கள் ரயிலில் டிக்கெட்டோடு போகும், உணவகத்தில் மேசைக்கடியில் சத்தமில்லாமல் படுத்திருக்கும் என்று சொன்னேன். பெருமாள் நம்பவில்லை.

“டிக்கெட்டா? நாய்க்கா?”

“ஆமாங்க.”

“அப்ப அதுக்குச் சீட்டு குடுப்பாகளா?”

“இல்லை. தரையில்தான் படுக்க வேண்டும்.”

“டிக்கெட்ட வாங்கிட்டுக் கீழ உக்கார வச்சா அதென்ன நியாயம்?” என்றார் கோபமாக. புல்லட்டும் ஒரு தரம் உறுமியது. பெல்ஜிய ரயில்வேயின் சார்பில் பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை. பெருமாளின் மனைவி போட்ட கம்பங்கூழையும் சுண்டவத்தலையும் ஒரு கை பார்த்துவிட்டுக் கிளம்பினேன்.

ஓவியம் இருந்த ஊருக்கு மினி பஸ். பாதி வழியில் வயல்களுக்கு நடுவே அது பெருமூச்சு விட்டு நின்றது. ஆகஸ்ட் மாதக் காற்றைப் பற்றித் தேனிப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேற்கே மலையிலிருந்து சாரலையும் சேர்த்து வாரிக்கொண்டு வந்து முகத்தில் அறைந்தது. ஓட்டுநர் அடியில் புகுந்து பார்த்து, “இன்னைக்கு இது எந்திரிக்காது” என்று அறிவித்தார். எல்லோரும் ஆளுக்கொரு வண்டியில் தொற்றிக்கொண்டு போனார்கள். எனக்கு வாய்த்தது திராட்சைப் பெட்டிகள் ஏற்றிய டெம்போ. குமுளிக்கு ஓடி ஓடி ஓட்டுநருக்குத் தமிழும் மலையாளமும் கலந்துபோயிருந்தது.

“கேறிக்கோங்க சேச்சி. முன்னாடி ஆள் இருக்கு. பின்னாடி பெட்டிக்கு நடுவுல உக்காந்துக்கோங்க. பழத்த மட்டும் நசுக்கிறாதீக.”

நான் நசுக்கவில்லை. ஒரு வேகத்தடை நசுக்கியது. அரைப் பெட்டிப் பன்னீர் திராட்சை என் வெள்ளைக் குர்த்தாவில் சாறாக இறங்கியது.

கோயில் வாசலில் இறங்கியபோது எதிரே ஒரு வடைக் கடை. எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றிருந்த ஐம்பது வயதுப் பெண் என்னைக் கண்டதும் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

“ஆத்தாடி! எங்கன அடிபட்டுச்சு? ஏலே யாராச்சும் வண்டிய எடுங்கலே!”

“திராட்சைங்க. ரத்தமில்லை.”

என் தோளை முகர்ந்து பார்த்த பிறகுதான் நம்பினார். அவர் பெயர் ஜெயராணி. அடுத்த கால் மணி நேரத்தில் என் குர்த்தா அவர் வீட்டு வாளியில் ஊறியது. பச்சையில் மஞ்சள் பூப்போட்ட அவருடைய நைட்டிக்குள் நான் இருந்தேன். அந்தக் கோலத்தில்தான், மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, பங்குத் தந்தையிடம் பல்கலைக்கழகக் கடிதத்தை நீட்டினேன். முப்பது வயதுகூட ஆகாத சாமியார். கடிதத்தைப் படித்தார், நைட்டியைப் பார்த்தார், மறுபடி கடிதத்தைப் படித்தார்.

“தாராளமாப் பாருங்க. உங்க கட்டுரைய எங்க சபைத் தலைவர் ஆள் வச்சுத் தமிழ்ல எழுதி வாங்கியிருக்காரு. நாளான்னைக்கு ஞாயித்துக்கிழமை பூசைக்குப் பிறகு வாசிக்கப் போறாரு. திருவிழா வேற அடுத்த வாரம்” என்றார்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. என் கட்டுரையை அதுவரை படித்தவர்கள் மொத்தம் நான்கு பேர். அதில் ஒருவர் என் அம்மா.

மறுநாள் காலை, கோயிலின் கதவுகளையெல்லாம் சாத்தச் சொல்லி, இருட்டில் படத்தின் மேல் புற ஊதா விளக்கை அடித்தேன். பழைய ஓவியத்தின் மேல் பூசிய மெருகெண்ணெய் அந்த வெளிச்சத்தில் இளம்பச்சையாக ஒளிரும். பிறகு யாராவது பூசிய இடம் மட்டும் கறுப்பாகத் தெரியும். ஆரோக்கியநாதர் தலையிலிருந்து கால்வரை பச்சையாக ஜொலித்தார். அவர் காலடியில் நாய் வடிவத்தில் ஒரு கருங்குழி.

விளக்கை அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். குழி அங்கேயே இருந்தது. உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தால் செவலை நிறம் தடித்து, மழமழவென்று, இரும்புக் கேட்டில் அடித்ததுபோல இருந்தது. என் செங்காவி, என் நாயாசான், என் மூன்று பக்க நற்கருணை எல்லாம் ஒவ்வொன்றாகச் சரிந்தன. விளக்கை அணைத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

“என்னாச்சு?” என்றார் சாமியார்.

“இந்த நாய் பிற்காலத்தது போலிருக்கிறது. ஓரத்தில் ஊசிமுனை அளவு சுரண்டி எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். படத்துக்கு ஒன்றும் ஆகாது.”

“அவ்வளவுதானே? மத்தியானம் தலைவர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுத்துக்கங்க.”

பின்னால் டம்ளர் விழும் சத்தம். எங்களுக்கு டீ கொண்டு வந்த ஜெயராணி கதவருகே நின்றிருந்தார். டீ தரையில் ஓடியது. அவர் அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர் கடையின் பின்கட்டில் இலை போட்டார். நாட்டுக்கோழிக் குழம்பு, முட்டை, ரசம், மறுபடி கோழி. எனக்குப் போதும் என்கிற சொல்லே அவர் காதில் ஏறவில்லை. நான்காவது தடவை சோற்றை அள்ளி வைத்தபோது கையைப் பிடித்து நிறுத்தினேன்.

“அக்கா, என்ன விஷயம்?”

“அந்த நாயச் சுரண்டாதீக தங்கச்சி.”

“ஏன்?”

வாசல் பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

“அதை வரைஞ்சது நானு.”

என் கையிலிருந்த கோழிக்கால் இலையில் விழுந்தது.

அவருக்கு அப்போது பதினேழு வயது. கோயிலைக் கூட்டித் துடைக்கும் வேலை அவருடைய அம்மாவுக்கு. திருவிழாவுக்கு முந்தின நாள் அம்மாவுக்குக் காய்ச்சல். அதனால் மகள் போயிருக்கிறார். படத்தில் புகை படிந்திருந்தது. யாரும் சொல்லாமலேயே துணி சோப்பும் தேங்காய் நாரும் எடுத்து, கீழே நாயிடமிருந்து தேய்க்க ஆரம்பித்திருக்கிறார்.

“நாலு தேய்தான் தேய்ச்சேன். நாயக் காணோம்! வெறும் பலகை நிக்குது. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. சாமியக் கும்புட்டு, ‘நீரே பாத்துக்கிரும்’னேன். அவரு என்னத்தப் பாக்க? வெளியில கேட்டுக்கு அடிக்க ரெட் ஆக்சைடு டப்பா வாங்கி வச்சிருந்தாக. கறுப்பும் வெள்ளையும் கிடந்துச்சு. பழைய நாய் எப்புடி இருந்துச்சுன்னு சத்தியமா ஞாவகம் வரல. எங்க வீட்டு நாய் மணிய நினைச்சேன். மத்தியானம் கதவச் சாத்திக்கிட்டு வரைஞ்சுபுட்டேன்.”

“யாரும் கண்டுபிடிக்கவில்லையா?”

“கண்டுபிடிக்கவா? மறுநா காலையில பாத்துட்டு ஊரே மண்டி போட்டுருச்சு. ஆரோக்கியநாதர் நாய் புதுசா ஜொலிக்குது, சாமி புதுமை செஞ்சுட்டாருன்னாக! எங்க அம்மாவும் காய்ச்சலோட வந்து மண்டி போட்டுச்சு. நானும் போட்டேன். வேற என்ன செய்ய?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் ரசத்தோடு விழுங்கிவிட்டு முக்கியமான கேள்வியைக் கேட்டேன்.

“அக்கா, நாய் வாயில் வட்டமாக இருக்கிறதே, அது அப்பமா?”

“அப்பமா?” என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “பொறை தங்கச்சி. டீக்கடையில நாய்க்குப் பொறைதானே வாங்கிப் போடுவோம்?”

டீக்கடைக் கண்ணாடிச் சீசாவில் இருக்கும் அந்தக் காய்ந்த வட்ட ரொட்டி! சென்னையில் எங்கள் தெருமுனைக் கடையில் தினமும் கண்ட பொறை. மூன்று பக்கம் எழுதியபோது அது ஏன் எனக்குத் தோன்றவில்லை என்று இன்றுவரை தெரியவில்லை.

அந்தத் திருவிழாவிலிருந்து, நாய்க்கடி பட்டவர்களும் பிள்ளைகளுக்கு நோய் கண்டவர்களும் தெருநாய்களுக்குப் பொறை போடுவதாக நேர்ந்துகொள்ள ஆரம்பித்திருக்கிறார்கள். சுற்றுப்பட்டு இந்துக் குடும்பங்களும் வந்து போடுகின்றன. ‘நாய்களுக்கு உணவிடும் தொன்மையான வழக்கம்’ என்று இதுவும் என் கட்டுரையில் இருக்கிறது.

“வெளிய தெரிஞ்சா என்னை ஊர்ல வச்சிருப்பாகளா? நீங்களே சொல்லுங்க” என்றார். கண் கலங்கியிருந்தது. முப்பத்தைந்து வருடமாகப் பூசைக்குப் போகும்போதெல்லாம் அந்த நாயின் முகத்தைப் பார்க்காமல் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தவர்.

சுரண்ட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். ஆனால் தப்பாக எழுதியதைத் திருத்தாமல் விட எனக்கு வழியில்லை. ‘நாய் பிற்காலத்தில் வரையப்பட்டது, வரைந்தவர் தெரியவில்லை’ என்று மட்டும் எழுதுகிறேன், உங்கள் பெயர் வராது என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சரி, தெரியவே வேணாம்” என்றார். இலையில் இன்னொரு கோழிக்கால் விழுந்தது. நான்காம் இயலுக்கு என்ன கதி என்று யோசித்தபடி அதையும் தின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சபைத் தலைவர் சவரிமுத்து மைக்கைத் தட்டினார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் என் கட்டுரை. நான் மூன்றாவது பெஞ்சில் குறுகி உட்கார்ந்திருந்தேன். திருத்தம் வரப்போகிறது, வாசிக்க வேண்டாம் என்று காலையில் அவரிடம் சொல்லித்தான் பார்த்தேன். “அதெல்லாம் பெறகு பாத்துக்கலாம் மேடம், ஊர்ல சொல்லியாச்சு” என்று தள்ளிவிட்டார்.

“இந்த நாயை வரைந்தவர் ஒரு மாபெரும் ஆசான் என்று வெளிநாட்டில் அச்சிலேயே போட்டிருக்காக” என்று ஆரம்பித்தார். “அவர் பேரு தெரியலைன்னு மேடம் எழுதியிருக்காக. ஆனா எனக்குத் தெரியும். எங்க பூட்டன் சூசை நல்லாப் படம் போடுவாருன்னு எங்க அய்யா சொல்லியிருக்காக. அந்த ஆசான் எங்க பூட்டன்தான்! அதனால திருவிழாவுல அவரு பேருல ஒரு கல்வெட்டு வைக்கலாம்னு...”

“யாரு பூட்டன்?”

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். ஜெயராணி எழுந்து நின்றிருந்தார். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகியிருந்தார்.

“சும்மா உக்காரு ஜெயராணி” என்றார் சவரிமுத்து மைக்கிலேயே.

“எங்க மணியப் பாத்து நான் வரைஞ்ச நாயி. இவுக பூட்டன் வரைஞ்சாராம்ல!”

எல்லாத் தலைகளும் அவர் பக்கம் திரும்பின. அவர் நின்ற இடத்திலேயே நின்று, சோப்பிலிருந்து ரெட் ஆக்சைடு வரை சொல்லி முடித்தார். நடுவில் எங்கும் நிறுத்தவில்லை.

ஊர் கொதிக்கும் என்று நினைத்தேன். ஊர் சிரித்தது.

“நீயா வரைஞ்ச? உனக்கு வாசல்ல நட்சத்திரக் கோலம் போடவே வராதேக்கா!” என்றார் அவருடைய சொந்தத் தம்பி.

ஜெயராணியின் முகம் சிவந்துபோனது. கோபம் இப்போது வேறு மாதிரி. நேராகப் பீடத்தருகே போய், மறைக்கல்வி வகுப்புக்காகச் சாத்தி வைத்திருந்த கரும்பலகையைத் திருப்பி, சுண்ணாம்புக் கட்டியை எடுத்தார். முதலில் முதுகு, ஒரே இழுப்பில். பிறகு சுருண்ட வால், மடிந்த காது, கொஞ்சம் மாறுகண்ணாகப் பார்க்கும் ஒற்றைக் கண். கடைசியாக வாயில் வட்டம். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. படத்தில் ஒரு மணி, பலகையில் ஒரு மணி. இரண்டும் ஊரை ஒரே மாதிரி முறைத்தன.

சிரிப்பு அடங்கியது. சவரிமுத்து மைக்கை விட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்.

“அப்ப, நான் போட்ட பொறையெல்லாம்?” என்று ஒரு பெண் கேட்டார். “எம் மகன நாய் கடிச்சப்ப நேந்துக்கிட்டுப் போட்டேனே. பொழச்சானே!”

“ஊசி போட்டுல்ல பொழச்சேன்” என்றார் மகன், மீசைக்காரர்.

“ஊசியும் போட்டுச்சு, பொறையும் போட்டேன். நீ சும்மா இருடா.” அந்த அம்மாள் படத்தையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார். “நாய் தின்னுச்சுல்ல? அது தின்ன வரைக்கும் சரிதான்.”

அதோடு கூட்டத்தின் பேச்சு திசை மாறிவிட்டது. பழைய நாய் எப்படி இருந்தது என்று பெரியவர்களுக்குள் சண்டை. ஒருவர் வெள்ளை என்றார். ஒருவர் புள்ளி என்றார். மூன்றாமவர் அது நாயே இல்லை, ஆட்டுக்குட்டி என்று சாதித்தார். சாமியார் ஜெயராணியிடம் போய், “உங்களுக்கு என்ன தண்டனை குடுக்க?” என்று பாதி விளையாட்டாகக் கேட்டார். அதற்குள் சவரிமுத்துவுக்குத் தெம்பு திரும்பிவிட்டது.

“அந்தா செபஸ்தியார் படத்துல அவரு உடம்புல தச்ச ரெண்டு அம்பு அழிஞ்சு கிடக்குல்ல? அத வரையட்டும். ரெக்கை வச்ச சம்மனசு மூக்கும் உதிர்ந்துபோச்சு. அதையும் சேத்து முடிச்சுரச் சொல்லுங்க.”

“ஏன், மிக்கேல் காலடியில சாத்தானுக்குக் கொம்பு ஒன்னுதான் இருக்கு!” என்றார் இன்னொருவர்.

யாரோ பெயிண்ட் டப்பா எடுக்க ஓடினார்கள். ஜெயராணி முந்தானையை இன்னும் இறுக்கிச் செருகினார். நான் பெஞ்சுகளைத் தாண்டி ஓடிப்போய் செபஸ்தியார் முன்னால் கையை விரித்து நின்று கத்தினேன்.

“யாரும் தொடாதீங்க!”

ஐந்து வருடப் படிப்பில் நான் ஒரு கலைப்பொருளைக் காப்பாற்றியது அன்றைக்கு மட்டும்தான்.

அன்று சாயங்காலமே ஆய்விதழுக்குத் திருத்தக் கடிதம் எழுதினேன். எழுத எழுதக் கூச்சமாக இருந்தது. பழைய கட்டுரை முழுவதும் ‘அவன் கைத்திறன்’, ‘அவன் பார்வை’ என்றே எழுதியிருந்தேன். அது ஒரு பெண்ணாக இருக்கலாம் என்று ஒரு வரியில்கூட நான் சந்தேகப்படவில்லை. பேராசிரியைக்கும் நடந்ததையெல்லாம் எழுதி, பட்டத்தை மறந்துவிடலாமா என்று கேட்டேன். பதில் ஒரு மணி நேரத்தில் வந்தது.

‘முட்டாளே, இப்போதுதான் உனக்கு நான்காம் இயல் கிடைத்திருக்கிறது. ஓவியரிடம் அனுமதி கேள். விவரங்களைச் சரியாக வாங்கிக்கொண்டு வா.’

திங்கட்கிழமை காலை, பேருந்து வருவதற்குள், வடைக் கடைப் பெஞ்சில் உட்கார்ந்து ஜெயராணியிடம் கேட்டு அனுமதிப் படிவத்தை நிரப்பினேன். தன் பெயரைப் போடலாம், ஊர்ப் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஒற்றைக் கொம்புச் சாத்தானை வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிடும் என்று ஊராருக்கும் பயம்.

“படிப்பு என்னக்கா?”

“எட்டு. பெயில்னு போட்டுறாதீக.”

“என்ன வண்ணம் பயன்படுத்தினீர்கள்?”

“கேட்டுக்கு வாங்கினதுன்னு எழுதுங்க. மிச்சத்தக் கேட்டுக்கு அடிச்சாச்சுன்னும் எழுதுங்க. இல்லாட்டி நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேம்பாக.”

எழுதினேன். அவர் என் தோளுக்கு மேலே எட்டி, தன் பெயர் இருந்த இடத்தை விரலால் ஒரு தரம் தொட்டுப் பார்த்தார்.

“இத எழுதிக் குடுத்தா அங்கன உங்களுக்கு என்ன குடுப்பாக?”

“டாக்டர் பட்டம் கொடுப்பார்கள்.”

பெயரைத் தொட்ட விரலை என் பக்கம் திருப்பினார்.

“நாய வரைஞ்சது நானு. டாக்டரு நீங்களா?”

“ஆமாங்க்கா.”

“நல்லாருக்கே உங்க படிப்பு” என்று சொல்லிவிட்டு, எண்ணெய் காய்கிறதென்று சட்டியைப் பார்க்கப் போனார்.